வரைபடத்தில் ஓரடித் தண்ணீர்

ஒரு கிராமத்தில் யானை புகுந்து வாழைகளை முறித்துப்போட்ட மறுநாள் காலை, சேதம் பதிவதற்காக நான் போயிருந்தேன். பிரதேச செயலகம் ஒன்றின் திட்டமிடல் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் பிரதேசத்தின் பெயரையும் அந்தக் கிராமத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வன்னியில் அப்படியான கிராமங்கள் பல உண்டு. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறி, பிறகு போரில் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்து அதே காட்டை இரண்டாம் தடவை வெட்டிய கிராமங்கள்.

“ஏழு யானை, சேர். எழுதுங்கோ,” என்றார் வீதிப்பக்க நிலத்துக்காரர். முன்காணிக்காரர் என்றுதான் ஊரில் அவரைச் சொல்வார்கள்.

“ஏழெண்டு எண்ணினனீங்களோ?”

“எண்ணுறதுக்கு அது என்ன கோழியே? கொட்டிலுக்கை கிடந்தனாங்கள். மிதிச்ச சத்தத்தில தெரிஞ்சது.”

பக்கத்துக் காணி அம்மா அப்போது முறிந்த வாழையிலிருந்து இலை அறுத்துக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் ஆண்களின் நீளக்கைச் சட்டை ஒன்று போட்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. குள்ளமான உருவம். நான் அவரிடமும் கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார், இலைகளை அதன் பக்கத்தில் வைத்தார், கையைச் சட்டையில் துடைத்தார், பிறகு சொன்னார்.

“ரெண்டுங்க ஐயா. அப்புறம் ஒரு வாலு.”

“வாலோ?”

“மூணாவதா ஒன்னு அந்தப் பாலை மரத்துக்குப் பின்னால போச்சுங்க. வாலு மட்டுந்தான் தெரிஞ்சுது. யானையாத்தான் இருக்கணும். ஆனா நான் பாத்தது வாலு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “நீதவான் அம்மா தீர்ப்புச் சொல்லிப்போட்டா. இனி அப்பீல் இல்லை,” என்றார் முன்காணிக்காரர். அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார். நான் படிவத்தில் மூன்று என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“மூணுன்னு போட்டிருக்கீங்க. அது நீங்க எழுதுறது. நான் சொன்னது ரெண்டும் வாலும்.”

அவரை நான் அறிந்துகொண்டது அப்படித்தான். அதன் பிறகு ஏழெட்டு ஆண்டுகளில் பல தடவை அந்தக் கிராமத்துக்குப் போனேன். வாய்க்கால் துப்புரவு, கிணறு, வீதி என்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவரைக் கண்டேன். கேள்வி கேட்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். தலையில் விறகுக் கட்டு இருந்தாலும் இறக்கிவைப்பார். அவசரத்தில் கேட்பவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்திருக்கிறது.

அந்த ஊரில் ஒரு கலியாணப் பேச்சு வந்தபோது பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க இவரிடம் வந்தார்களாம். மாப்பிள்ளை இவருடைய சொந்தத் தம்பியின் மகன். குடிப்பானா என்று கேட்டிருக்கிறார்கள். “நான் பாத்து மூணு தடவ. ரெண்டு திருவிழாவுக்கு. ஒன்னு சும்மா,” என்றாராம். தம்பி பெண்சாதி ஒரு மாதம் இவரோடு கதைக்கவில்லை. கலியாணம் நடந்தது. பெண்ணின் தகப்பன் பிறகு சொன்னாராம்: “மற்ற எல்லாரும் அவன் தொட்டதே இல்லையெண்டினம். அதாலதான் எனக்குப் பயம் வந்தது. மூண்டு தடவையெண்டு ஒராள் சொன்ன பிறகுதான் பொம்பிளை குடுக்கலாமெண்டு நினைச்சன்.”

இதை எனக்குச் சொன்னவர் முன்காணிக்காரர். அந்த அம்மா தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்குச் சொல்வார். கணவன் போரின் கடைசியில் போய்விட்டார் என்பதும், ஒரே மகள் வவுனியாவில் நெளுக்குளத்தில் கலியாணம் செய்து இருக்கிறாள் என்பதும், மகள் வந்து இருக்கச் சொல்லியும் இவர் போகவில்லை என்பதும் படிவங்கள் நிரப்பியதால் எனக்குத் தெரிந்தவை. ஏன் போகவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். “இது எங்கப்பா வெட்டுன காணிங்க. நானும் வெட்டுனேன். அவருக்கு ஒரு தடவ. எனக்கு ஒரு தடவ,” என்றார்.

காணி முழுதும் மரம். பலா, மா, தேக்கு, தென்னை, புளி. அந்த ஊரில் மற்றவர்கள் வீட்டைச் சுற்றி வெளியாக வைத்திருப்பார்கள். பாம்பு வரும் என்பார்கள். இவர் மட்டும் தகப்பன் நட்டதையும் தான் நட்டதையும் ஒன்றுகூட வெட்டவில்லை. நடுவில் சுடாத மண்கல்லால் கட்டிய இரண்டறை வீடு. வீட்டு முற்றத்தில் நண்பகலிலும் வெயில் விழாது.

அந்த மரங்களைப் பற்றி நான் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புயல் வந்தது. மூன்று நாள் மழை, பிறகு குளத்தின் கதவுகளைத் திறக்க வேண்டி வந்தது. பிறகு பாலம் உடைந்தது. ஊர்ச் சனங்களைப் படகில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். தண்ணீர் வடியத் தொடங்கியபோது மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை வந்தது. எந்தெந்த வீட்டில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று மூன்று நாளுக்குள் பட்டியல் வேண்டும். மண்சுவர் வீடுகளில் மூன்றடிக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால் சுவர் ஊறியிருக்கும். அந்த வீட்டுக்காரர் திரும்பிப் போகக்கூடாது. தொழில்நுட்ப அலுவலர் வந்து பார்க்கும் வரை பள்ளிக்கூடத்திலேயே இருக்க வேண்டும். சுவர் பழுதென்றால் புது வீட்டுப் பட்டியலில் பெயர் சேரும். மூன்றடிக்குக் குறைவென்றால் வீட்டுக்குப் போகலாம்.

வீதிகள் அறுந்திருந்தன. ஆட்கள் போதாது. அப்போது நான் ஒரு வழி சொன்னேன். அது என் சொந்த யோசனை. இணையத்தில் இருக்கும் வரைபடத்தில் எந்த இடத்தின் மேல் சுட்டியை வைத்தாலும் அது கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரம் என்று காட்டும். வெள்ளத்தின் மேல்மட்டம் எங்கே வரை வந்தது என்பது சனங்கள் தொலைபேசியில் எடுத்த படங்களில் இருந்தது. கோயிலின் இரண்டாவது படி, பாலத்துக் கைபிடிக் கம்பி, வாசிகசாலை யன்னல். அந்த மட்டத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு நிலத்தின் உயரத்தையும் கழித்தால் அந்த வீட்டில் நின்ற ஆழம் கிடைக்கும். வயல்கரையில் இருந்த பத்து வீடுகளில் முதலில் சோதித்துப் பார்த்தேன். படங்களில் அந்த வீட்டுச் சுவர்களில் தெரிந்த அளவுக்கும் என் கணக்குக்கும் அரையடிக்கு மேல் வித்தியாசம் வரவில்லை.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மிஸ் என் கணினிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். “ஐயோ, இது முந்தியே தெரிஞ்சிருந்தா எத்தனை நாள் அலைச்சல் மிச்சம்! நீங்க கெட்டிக்காரன்தான்,” என்றார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருட சேவையில் அப்படி ஒருவர் சொன்னது அது முதல் தடவை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிய அளவு ஒரு நிரலிலும், வரைபடத்தில் நான் கணக்கிட்ட அளவு அடுத்த நிரலிலும் இருந்தன. சனங்கள் கூட்டித்தான் சொல்வார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். சொல்லவும் செய்தார்கள். முன்காணிக்காரர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மா பக்கத்திலிருந்து, “அண்ணே, உங்களுக்கு நெஞ்சுக்குத்தானே இருந்துச்சு? கோழிக்கூட்டத் தலைக்கு மேல தூக்கிட்டு நின்னீங்க. நான் பாத்தேனே,” என்றார்.

“அட அக்கா, உன்னை ஆர் இப்ப கேட்டது? கழுத்தெண்டா என்ன, நெஞ்செண்டா என்ன? ரெண்டுக்கும் இடையில ஒரு சாண்தான்.”

“ஒரு சாண் இருக்குல்ல.”

அவருடைய முறை வந்தபோது கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கதிரையில் வைத்தார்.

“கதவுல மேல ஒரு கொண்டி இருக்குங்க. அதுக்கு நாலு விரக்கடை கீழ. அதுக்கு மேல ஏறல. நான் மேசைல ஏறி நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் அதே அளவு.”

நான் அதை நாலரை அடி என்று எழுதினேன். அலுவலகத்துக்கு வந்து வரைபடத்தில் அவருடைய வீட்டைத் தேடினேன். கூரை தெரியவில்லை. பச்சையாக மரங்கள் மட்டும் தெரிந்தன. நடுவில் சுட்டியை வைத்தேன். கழித்தேன். ஓரடி வந்தது. மறுபடியும் வைத்தேன். ஓரடிக்குச் சற்றுக் கூட.

வாய்க்காலுக்கு முந்நூறு அடி தூரத்தில் இருக்கும் வீடு, வீதியைவிட உயரமாக வரைபடத்தில் நின்றது. நான் அந்த ஊருக்கு நடந்து போனவன். வீதியிலிருந்து அந்தக் காணிக்குள் போக இறங்க வேண்டும் என்று என் கால்களுக்குத் தெரியும். ஆனாலும் குறிப்பு நிரலில், மிகைப்படுத்திய தகவல், என்று எழுதினேன். எழுதியபோது ஒரு சிறு திருப்தியும் இருந்தது. வாலை யானையென்று எண்ணாத மனுஷியும் வீடு என்று வந்தால் கூட்டித்தான் சொல்கிறா என்று நினைத்தேன். நினைத்ததை அன்றைய நாட்குறிப்பிலும் எழுதினேன். அந்த வரி அங்கே இருக்கிறது.

பட்டியல் அனுப்புவதற்கு முதல்நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அந்த ஊருக்கு இரண்டு கிலோமீற்றர் முன்னால் வீதியோரம் அவருடைய வீடு. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

“தம்பி, என்ர வீட்டில ஒண்டரை அடி எண்டு ஆர் எழுதினது?”

“நாங்கள் வரைபடத்தில பார்த்து, ஐயா…”

“வரைபடத்துக்கோ நான் படிப்பிச்சனான்? உமக்கெல்லோ. நீர் வந்து பார்த்தனீரோ? வந்து பாரும்.”

உடனே போனேன். மோட்டார் சைக்கிளில் ஐம்பது நிமிடம். அவருடைய வீட்டுச் சுவரில் சேற்றுக் கோடு நேராக ஓடியது. அளவு நாடாவை வைத்தேன். மூன்றடி எட்டங்குலம். பின்பக்கம் ஒட்டுமாந்தோப்பு, வீட்டுக்கு மேல் கவிந்து நின்றது. நான் தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து அந்த வீட்டின் உயரத்தைப் பார்த்தேன். பிறகு வெளியே, மரமில்லாத நெல் உலர்த்தும் தளத்தின் உயரத்தைப் பார்த்தேன். தளமும் வீட்டு முற்றமும் ஒரே மட்டம். இடையில் ஒரு படிகூட இல்லை. வரைபடத்திலோ இரண்டடிக்கு மேல் வித்தியாசம் காட்டியது.

அப்போதுதான் விளங்கியது. அந்த உயரங்களை வானத்திலிருந்து அளந்திருக்கிறார்கள். வெளியான நிலத்தில் அளவு தரையில் பட்டது. மரம் செறிந்த இடத்தில் இலையில் பட்டது. அங்கே எனக்குக் கிடைத்தது தரைக்கும் மர உச்சிக்கும் நடுவில் எங்கோ ஓர் உயரம். வன்னியில் வயல்கரை வீடுகளில் சோதித்துவிட்டு எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நம்பியவன் நான்.

அதிபர் வீட்டு முற்றத்தில் நின்றபடியே எனக்கு இன்னொரு வீடும் ஞாபகம் வந்தது. ஊகமாக வரவில்லை. தெளிவாக, அந்தப் பச்சையும், நடுவில் நான் வைத்த சுட்டியும், ஓரடி என்ற எண்ணும் வந்தன. என் பட்டியலில் அப்படி மரத்துக்குள் மூடிக் கிடந்த வேறு வீடு இல்லை. இரண்டு கிலோமீற்றர். இடையில் மதகடியில் தண்ணீர் இன்னும் ஓடியது. மோட்டார் சைக்கிள் போகாது. காற்சட்டையை மடித்துக்கொண்டு நடக்கலாம். முழங்கால் தண்ணீர்தான். வாய்க்கால் பக்கம் போய் வந்த ஒருவர் அப்போதுதான் அதைக் கடந்து வந்தார்.

நான் திரும்பி அலுவலகத்துக்குப் போனேன். அதிபரின் எண்ணைத் திருத்தினேன். அந்த அம்மாவின் எண்ணைத் திருத்தவில்லை. நேரில் பார்க்காமல் திருத்த முடியாது என்று எனக்கு நானே சொன்னேன். நேரில் போகாதவனும் நான்தான். இன்னொரு வீட்டையும் திருத்தினால் மிஸ் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் முழு முறையும் சந்தேகத்துக்கு வரும். அதிபருடைய திருத்தத்துக்கு அவர் காரணம் கேட்கவில்லை. “அதிபர் சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தவன். அதிபர் ஒரு சொல் சொன்னதும் ஐம்பது நிமிடம் ஓடினேன். பொய்யே சொல்லாதவர் என்று எனக்கு ஏழெட்டு வருடமாகத் தெரிந்த ஒருவர் சொன்ன அளவுக்காகக் காலை நனைக்கவில்லை. அதிபர் படித்தவர், எங்கள் ஆள். இவர் கூலி வேலைக்குப் போகும் மலைநாட்டு மனுஷி. இதை இவ்வளவு நேராக நான் அன்று நினைக்கவில்லை. நினைக்காமலே செய்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பட்டியலை வாசித்தவனும் நான்தான். வீட்டுக்குப் போகலாம் என்ற பகுதியில் அவருடைய பெயர் வந்தது. அவர் எழுந்து வந்தார்.

“ஐயா, வீட்ட வந்து பாத்தீங்களா?”

“வரைபடத்தில பார்த்தனாங்கள் அம்மா.”

“அதுல தண்ணி தெரியுமா?”

“தண்ணி தெரியாது. நிலத்தின்ர உயரம் தெரியும்.”

“என் கதவு தெரியுமா?”

நான் தாளைப் பார்த்தேன். முன்காணிக்காரர் பின்னாலிருந்து, “அக்கா, நானெண்டா கழுத்தெண்டன், எனக்கு நெஞ்சு கிடைச்சது. நீயும் கூரையெண்டு சொல்லியிருக்க வேணும். இப்ப பார், உனக்குக் கணுக்காலும் இல்லை,” என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“நான் சொன்னது கொண்டிக்கு நாலு விரக்கடை கீழங்க. அது மாறாது,” என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் பாயைச் சுருட்டினார். வாதாடவில்லை, அழவில்லை. ஒரு தடவை வாதாடியிருந்தால் நான் திருத்தியிருப்பேன் என்று பல நாள் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது உண்மையா என்று தெரியாது.

அவர் வீட்டுக்குத் திரும்பிய பதினோராம் நாள் பகலில் பின்சுவர் விழுந்தது. சுவரைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெளியே பலா மரத்தடியில் தகரம் சாத்திப் படுத்திருக்கிறார். அரிசி எடுக்க உள்ளே போனபோது விழுந்தது. வலது மணிக்கட்டு முறிந்தது. வவுனியாவுக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

கேள்விப்பட்ட மூன்றாம் நாள் போனேன். இந்தத் தடவை நடந்தே போனேன். மதகடி காய்ந்திருந்தது. வீட்டில் கூரை மடிந்து கிடந்தது. முன்கதவு மட்டும் நிலையோடு நின்றது. அளவு நாடாவை வைத்தேன். மேல் கொண்டி தரையிலிருந்து நாலடி ஒன்பதங்குலம். நாலு விரற்கடை மூன்று அங்குலம். நாலரை அடி. அவர் பக்கத்தில் நின்று நான் அளப்பதைப் பார்த்தார். 

நான் ஒரு கடிதம் தயாராகக் கொண்டு போயிருந்தேன். வெள்ளம் வந்த அன்றே வீடு முற்றாக இடிந்தது, பதிவில் தவறுதலாக விடுபட்டது, புது வீட்டுப் பட்டியலில் சேர்க்கவும் என்று எழுதியிருந்தேன். அதுதான் சுலபமான வழி. எல்லோருக்கும் நல்லது. இடது கையால் பெருவிரல் வைத்தாலும் போதும் என்றேன். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“அன்னிக்கு விழலீங்களே.”

“தெரியும் அம்மா. ஆனா இப்பிடி எழுதினா வீடு கிடைக்கும்.”

“பள்ளிக்கூடத்துல நீங்க போகலாம்னு சொன்னீங்க. நான் வந்தேன். பதினோராம் நாள் விழுந்துச்சு. அத எழுதுங்க.”

“அப்பிடி எழுதினா என்னைத்தான் கேப்பினம்.”

“கேக்கட்டுமே. நீங்க பதில் சொல்லத் தெரிஞ்சவரு தானே.” குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னார். “வீடு வேணுங்க ஐயா. இந்தக் காணிய விட்டுட்டுப் போனா மறுபடி காடாயிடும். மூணாம் தடவ வெட்ட எனக்குக் கை இல்ல. ஆனா நான் கைநாட்டு வைக்கிறது நடந்ததுக்குத்தான்.”

திரும்ப எழுதிக்கொண்டு வருவதாகச் சொன்னேன். வர வேண்டாம், நீங்களே எழுதி அனுப்புங்க, நடந்தது நடந்தபடி இருந்தா போதும் என்று ஒரு வெற்றுத் தாளின் அடியில் பெருவிரல் வைத்துத் தந்தார். தன் வாழ்நாளில் அவர் அளக்காமல் தந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்தத் தாள் பத்தொன்பது நாள் என் மேசை லாச்சியில் கிடந்தது. காரணம் இருந்தது. வரைபடத்தில் வெள்ளத்தின் ஆழம் பார்க்கும் முறையை விளக்க மாவட்ட மட்டக் கூட்டம் ஒன்றுக்கு என்னை அழைத்திருந்தார்கள். கூட்டம் பதினேழாம் நாள். இருபத்திரண்டு படங்கள் தயாரித்துப் போனேன். கடைசிப் படத்தில், மரம் செறிந்த இடங்களில் சிறு வித்தியாசம் வரலாம், என்று ஒரு வரி போட்டேன். கை தட்டினார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து அவருடைய பெருவிரலுக்கு மேல், நடந்ததை நடந்தபடி எழுதினேன். என் பிழை என்றும் எழுதினேன். அனுப்பினேன்.

பட்டியல் ஒரு கிழமைக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. விண்ணப்பம் பிந்திக் கிடைத்தது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஒரு பிரதி அவருக்கும் போனது. என் பிழையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை. வாசித்தார்களா என்றும் தெரியாது.

மகள் வந்து அவரை நெளுக்குளத்துக்குக் கூட்டிப்போனாள். எனக்கு மாதத்தில் இரண்டு தடவை வவுனியாவுக்குப் போகும் வேலை இருந்தது. எட்டு மாதம் போனேன், வந்தேன். ஒன்பதாம் மாதம் நெளுக்குளத்துக்குப் போனேன்.

மகள் வாசலில் நின்றாள். என்னை யாரென்று சொன்னதும் அவளுடைய முகம் இறுகியது. “அம்மா, அந்த ஒப்பீஸ் ஆள் வந்திருக்கு,” என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். இருக்கச் சொல்லவில்லை. அந்த அம்மா வெளியே வந்தார். மணிக்கட்டு சற்றுக் கோணலாகப் பொருந்தியிருந்தது. நலம் கேட்டார். மழை பற்றிக் கேட்டார். முன்காணிக்காரரைக் கேட்டார். தன் காணியில் பற்றைக்காடு எவ்வளவு உயரம் வந்துவிட்டது என்று கேட்டார். இடுப்புக்கு என்றேன். தலையாட்டினார். பிறகு கேட்டார்.

“பிந்திக் கெடச்சுதுன்னு கடுதாசி வந்துச்சுங்க. நீங்க எப்ப அனுப்புனீங்க?”

அவ்வளவுதான் கேள்வி. எனக்கு நாள் தெரியும். பத்தொன்பது நாள். எந்தக் கிழமை என்றும், எத்தனை மணிக்குத் தபாலில் சேர்த்தேன் என்றும் தெரியும்.

“அடுத்த நாளே அனுப்பிப்போட்டன் அம்மா. மேல எங்கயோ கிடந்திட்டுது.”

அவர் இடது கையை விரித்தார். விரல்களில் எதையோ எண்ணினார்.

“அப்ப உங்க மேல குத்தம் ஒன்னுங்க. வந்து பாக்காதது. அது ஒன்னு தான். பிந்துனது அவங்க குத்தம். அதையும் சேத்து உங்க மேல போட்டா அது பொய்யாயிடும். நான் இத்தன நாளா ரெண்டையும் உங்க மேலதான் போட்டு வச்சிருந்தேன். தப்பு.”

அதிபர் வீட்டு முற்றத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அவர் மகளிடம் திரும்பினார். “ஏன்டி, இவரு மறுநாளே எழுதிப் போட்டிருக்காரு. நாமதான் சும்மா இவரைத் திட்டிக்கிட்டு இருந்தோம். நிக்க வச்சிருக்கியே.”

மகளின் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள்.

“குறை நினைக்காதேங்கோ, சேர். எங்களுக்குத் தெரியாமப் போச்சு. இருங்கோ.”

நான் அமர்ந்தேன்.